மாடி வண்டிக்கு அடியில் ஒரு சக்கரம்

என் மனைவிக்கு இரண்டு தங்கைகள். நடுவில் பிறந்தவளைக் கட்டியவர் தபால் ஆபீஸ்காரர். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். நல்ல மனுஷன், குறட்டை மட்டும் அதிகம். கடைசித் தங்கையைக் கட்டியவர் டயர்க் கடை வைத்திருப்பவர். எனக்குச் சின்னச் சகலை. நான் சொல்ல வந்தது இவரைப் பற்றித்தான்.

லாரிகள் நிற்கிற மைதானத்துக்குப் பின்னால் அவர் கடை. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறந்த வெளி. உள்ளே காற்றடிக்கிற எந்திரம், டியூபை முக்கிப் பார்க்க ஒரு தொட்டி. தொட்டித் தண்ணீர் மையைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும். அவர் விரல் நகங்களும் அதே நிறம்தான். என்ன சோப்பு போட்டாலும் போகாது. மச்சினி மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் பார்த்தாள். அப்புறம் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

நானோ ஜவுளிக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் துணி விரித்து மடித்தவன். கையில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே முறைப்பார். அந்தப் பழக்கம் எனக்கு ஊறிப்போய்விட்டது. சகலை வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் ரப்பர் வாடை படியேறும். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை, அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, ஈரத்துணியால் துடைப்பேன். என் மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள். "அவர் தொட்டது டயரை. தொழுநோயை இல்ல" என்றாள். தொழுநோய் வந்தவரைத் தொட்டாலும் துடைக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் துணியை அலசப் போய்விட்டேன்.

சகலை அதிகம் பேசமாட்டார். எவ்வளவு அவசரமாக வண்டி வந்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயரே மெதுவா. "மெதுவா கடையில காத்தடிச்சிட்டு வந்துடு" என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதிலும் இளக்காரம். எழுந்து நின்று பேசத் தெரியாத ஆள், மந்தம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அவருக்கு ஒரே மகள். இருபத்தாறு வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். அவளுக்கு இடம் பார்த்தது நான். மாப்பிள்ளை என் பெரிய அண்ணியின் தங்கை மகன். ஜல்லியும் மணலும் சப்ளை செய்கிற குடும்பம். வெளுத்த சட்டை, வாசனை, கையில் பெரிய கடிகாரம். பெண் பார்க்க வந்தவன் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனான். நான் துடைக்கவில்லை.

கல்யாணம் ஆன கையோடு ஒரு பிக்கப் வண்டி வாங்கினான். வாங்கியதை அப்படியே ஓட்டினானா என்றால் இல்லை. ஸ்பிரிங்கை மாற்றி, அடியில் கட்டை கொடுத்து, வண்டியை ஒரு முழம் தூக்கிவிட்டான். பழைய சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, என் இடுப்பு உயரத்துக்குச் சக்கரம் மாட்டினான். பெற்ற தாய் ஏறி உட்கார முக்காலி போட வேண்டும். அவன் தெருவில் அதை மாடி வண்டி என்றார்கள். அவனுக்கு மாடி மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது. அதைப் பெருமையாக வேறு எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது வருஷம் பாப்பா பையோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்றாள். காரணம் கேட்டால் சொல்ல வாய் கூசுகிறது. வண்டியைக் கழுவச் சொல்லியிருக்கிறான். கழுவியிருக்கிறாள். துடைத்த துணி சொரசொரப்பாம், கதவில் கீறல் விழுந்துவிட்டதாம். "காயுற வரைக்கும் பக்கத்துலயே நில்லு, எங்க கீறியிருக்கன்னு நீயே பாரு" என்று உச்சி வெயிலில் நிறுத்தியிருக்கிறான். எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்க ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். அப்படி நிறுத்தியது அது முதல் தடவையும் இல்லை.

மூன்று மாதம் போனது. அண்ணி எனக்கு ஆள்மேல் ஆள் விட்டாள். நான் பார்த்து முடித்த இடம் என்கிற மானப் பிரச்சினை எனக்கு. சகலை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன்.

"வண்டி மேல இவ்வளவு ஆசை வெச்சிருக்கிறவன் பொண்டாட்டி மேலயும் வெச்சிருப்பான். சின்ன வயசு. போகப் போகச் சரியாயிடும்" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். 

பாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பா சொன்னா போறேன்" என்றாள். சகலை தன் நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "நானும் கூட வர்றேன். அங்க ரெண்டு நாள் இருந்து பாக்குறேன். பாத்துட்டு, விடலாமா வேண்டாமான்னு சொல்றேன்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நானும் கூட வருவதாக ஒத்துக்கொண்டேன். எப்படியாவது அவளை அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மாப்பிள்ளை மாடி வண்டியோடு வந்தான். ஏறுகிறபோதே என் முட்டி முறிந்தது போலானது. முன்னால் அவனும் நானும். பின் சீட்டில் அப்பனும் மகளும். "மாமா, காலைத் தொடச்சிட்டு ஏறுங்க" என்றான் சகலையிடம். சகலை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். நான் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன்.

தார் ரோட்டில் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் சேர்ந்திருக்கலாம். பாதி வழியில் அவனுக்கு வித்தை காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. "பெரிய மாமா, ரோடு எதுக்கு நமக்கு? இந்த வண்டிக்கு ரோடே வேணாம்" என்று ஸ்டியரிங்கை ஒடித்து, ஓடைக்குள் இறக்கிவிட்டான்.

ஓடை என்று பெயர்தான். பக்கத்து ஊரின் சாக்கடை எல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது. இரு கரையிலும் குப்பை. ஓட்டல் கழிவு, கோழிக் கடை இறகு, கிழிந்த மெத்தைகள், உப்பிப் போய்க் கால் விறைத்த ஒரு நாய். கறுப்புச் சேறு சக்கரத்தில் சுற்றிக் கண்ணாடியில் தெறித்தது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வைப்பரைப் போட்டான். அது வழித்துவிட்டதில் கண்ணாடி முழுக்கச் சேறு பூசியதுதான் மிச்சம். பாப்பா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா, மாப்பிள்ளை" என்றார் சகலை.

"அந்த வார்த்தைய உங்க கடையிலயே வெச்சுக்குங்க, மாமா."

சொல்லி வாய் மூடவில்லை. பின்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தால், குப்பையில் கிடந்த துருக்கம்பி ஒன்று வலது பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. காற்று மொத்தமும் போய்விட்டது.

சகலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் பாக்குறேன், மாப்பிள்ளை."

"இது லாரி இல்ல மாமா. இதுக்கு வேற டெக்னிக். நான் வீடியோல ஆயிரம் பாத்திருக்கேன். நீங்க தள்ளி நில்லுங்க."

முப்பது வருஷமாகச் சக்கரம் கழற்றுகிறவரைப் பார்த்து அப்படிச் சொன்னான். சகலை தள்ளி நின்றார். மூன்று நல்ல கற்களாகத் தேடி எடுத்து வந்து, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். அதோடு சரி.

கூத்தே அதற்கு மேல்தான். வண்டியைத் தூக்கியவன், சக்கரத்தை மாற்றியவன், ஜாக்கியை மாற்றவில்லை. வண்டி குள்ளமாக இருந்த காலத்தில் கம்பெனி கொடுத்த ஜாக்கிதான் அவனிடம் இருந்தது. அதை வண்டி உடம்புக்கு அடியில் வைத்தால் ஒரு முழம் எட்டவில்லை. ஸ்டெப்னியும் பழசுதான். மற்ற மூன்று சக்கரத்துக்கும் பக்கத்தில் வைத்தால் யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி. ஸ்டெப்னி வைக்கிற இடத்தில் பாட்டுப் பெட்டி வைத்திருந்ததால், இது டயர் என்பதே மறந்து, பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியில் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது.

"அச்சுல வைங்க மாப்பிள்ளை. அச்சு தரைக்குப் பக்கமாத்தான் இருக்கு, ஜாக்கி எட்டும்" என்றார் சகலை. அச்சு என்றால் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கிற இரும்புத் தண்டு. அதைத் தூக்கினால் சக்கரம் தானே தூக்கிக்கொள்ளும். எனக்கே புரிந்தது.

"சேத்துல யாரு உள்ள பூந்து வெக்கிறது? பாடிலதான் வெக்கணும்" என்று அவன் கல் பொறுக்க ஆரம்பித்தான். பொறுக்கியது அவன் இல்லை, பாப்பாவும் நானும். அவன் கை காட்டினான். கல்மேல் கல் அடுக்கி, அதன்மேல் குப்பையில் கிடந்த ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஜாக்கியை வைத்தான். சுற்றச் சுற்ற வண்டியின் உடம்பு எழுந்தது. சக்கரம் எழவே இல்லை. ஸ்பிரிங் நீண்டு கொடுத்துக்கொண்டே போக, சக்கரம் சேற்றை விடாமல் உட்கார்ந்திருந்தது. ஆளைத் தூக்கி நிறுத்தச் சொன்னால் சட்டையைப் பிடித்து இழுத்த கதை. இன்னும் இரண்டு கல், இன்னும் ஒரு சுற்று. கடைசியில் சக்கரம் ஒரு விரற்கடை விலகியது. வண்டி பார்க்கவே பயமாக, ஒரு கால் தூக்கிய நாய் மாதிரி நின்றது.

சகலை அந்த ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார். மாட்டுவதற்கு என்று நான் நினைத்தேன். அவர் அதை மல்லாக்கப் படுக்கவைத்து, அச்சுக்கு நேர் கீழே தள்ளி, காலால் மிதித்துச் சேற்றில் அழுத்தினார்.

"எதுக்கு மாமா அது அங்க?"

"இருக்கட்டும். சக்கரத்தைக் கழட்டினா இன்னொரு சக்கரம் அடியில கெடக்கணும். ஜாக்கி யாருக்கும் சொந்தக்காரன் இல்ல."

"பயந்து பயந்தே வாழ்ந்திருக்கீங்க" என்று சிரித்தான். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறு நட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சக்கரத்தை நானும் சகலையும் பிடித்து இழுத்தோம். அது வெளியே வந்த வேகத்தில் அவன் காலில் சேறு தெறிக்க, அவன் துள்ளி ஒதுங்க, கையிலிருந்த நட்டுகளில் ஒன்று வழுக்கி உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது. குனிந்து பார்த்தான். அவன் போட்டிருந்தது வெள்ளைப் பேன்ட்.

"ஏய், நீதான் ஒல்லியா இருக்க. உள்ள கைய விட்டு எடு" என்றான் பாப்பாவிடம்.

"வேணாம்மா. அஞ்சு நட்டு போதும், மெதுவாப் போயிடலாம்" என்றார் சகலை.

"மாமா, என் பொண்டாட்டிகிட்ட நான் பேசிட்டிருக்கேன்."

பாப்பா என்னைப் பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாய் நாறுகிறது. எனக்கு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. "சட்டுனு எடுத்துக் குடுத்துடும்மா. ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

அவள் சேற்றில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டாள். சகலை ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். பிடித்த அதே நொடியில் மரப்பெட்டி நொறுங்கியது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, அப்பளம் உடைகிற மாதிரி. கற்கள் சரிந்தன. ஜாக்கி தெறித்து என் காலருகே விழுந்தது. வண்டி மொத்தமாக இறங்கியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி தரையைத் தொடவில்லை. அச்சு ஸ்டெப்னிமேல் உட்கார்ந்திருந்தது. தரைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அந்த ஒரு சாணுக்குள் பாப்பாவின் கை இருந்தது. சகலை அவளை அப்படியே பின்னால் இழுத்தார். கை வந்தது. சேறு பூசிய முழுக் கை. ஐந்து விரலும் இருந்ததை நான் எண்ணினேன்.

மாப்பிள்ளை எங்கே என்று பார்த்தேன். அவன் வண்டியின் பின்பக்கம் குனிந்து நின்றான். வண்டி சரிந்தபோது பம்பர் ஒரு கல்லில் இடித்திருந்தது. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "பெயிண்ட் போச்சு" என்றான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நட்டு கெடச்சுதா?" என்றான்.

பாப்பா மூடியிருந்த விரல்களை விரித்தாள். நட்டு உள்ளே இருந்தது. அவன் கையை நீட்டினான். அவள் அதை அப்பாவிடம் கொடுத்தாள்.

என் அறுபத்தொன்பது வயதில் எத்தனையோ அசிங்கம் பார்த்திருக்கிறேன். சொத்துக்காகப் பிணத்தை வாசலில் வைத்து அடித்துக்கொண்டவர்கள் எங்கள் பங்காளிகள். அன்றைக்கு அந்த ஓடையில் அடித்த நாற்றம் நாயுடையதா, சாக்கடையுடையதா, அவனுடையதா, என்னுடையதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், சகலை வேலையில் இறங்கியிருந்தார். "இவன் வண்டி எப்படியோ போகட்டும். வா, போகலாம்" என்றேன்.

"வண்டிய அந்தரத்துல விட்டுட்டுப் போகக் கூடாதுண்ணே. நாளைக்கு இந்தப் பக்கம் குப்பை பொறுக்க வர்றவன் எவனாச்சும் அடியில படுப்பான்."

ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், அச்சுக்கு அடியில் கையாலேயே மண்ணைப் பறித்து, உடைந்த பெட்டியின் பலகையை அங்கே பதித்து, அதன்மேல் ஜாக்கியை வைத்தார். அச்சு மட்டும் எழுந்தது. நாலைந்து சுற்றுதான். கிழிந்த பெரிய சக்கரத்தை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை உருவினார். மாட்டினார். நட்டுகளை எதிரெதிராக ஒவ்வொன்றாக முடுக்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெரிய சக்கரத்தைத் தனியாளாக நிமிர்த்தி வண்டியில் ஏற்றினார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை அந்த நேரம் முழுக்க பம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கிளம்பலாமா? ஏறு. அந்தச் சேலையோட சீட்டுல உக்காராத, பின்னாடி தொட்டியில ஏறிக்க" என்றான் பாப்பாவிடம்.

பாப்பா பின் சீட்டைத் திறந்து தன் பையை எடுத்தாள். அதைக் கீழே வைக்காமல் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் வரல. உங்க பம்பரைக் கூட்டிட்டுப் போங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளிடம் பேசாமல் என்னிடம் வந்தான். "பெரிய மாமா, நீங்கதானே பேசி முடிச்சீங்க. சொல்லுங்க இவகிட்ட. என் அம்மாவுக்கு நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க."

சகலை என்னைப் பார்க்கவில்லை. நகத்தில் ஏறிய சேற்றை ஒரு குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் அதைத் தாண்டி அவர் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதையை வைத்துத்தான் மூன்று மாதமாக அவர் வாயை அடைத்திருந்தேன்.

"குடுத்தேன்பா. அந்த வாக்கை இங்கேயே துப்பிட்டேன், அந்தா பாரு" என்று நான் வாந்தி எடுத்த இடத்தைக் காட்டினேன். "நீ கிளம்பு."

அவன் ஏதேதோ பேசினான். டயர்க்காரன் வீட்டில் பெண் எடுத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றான். அந்த டயர்க்காரன் மாட்டிக் கொடுத்த சக்கரத்தில்தான் போனான். ஒரு பக்கம் குட்டையாக, நொண்டி நொண்டி, மாடி வண்டி கரையேறியது.

நாங்கள் மூன்று பேரும் குப்பைக்குள் நடந்து ரோட்டுக்கு வந்தோம். பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்ததும் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டை எட்ட நின்று நீட்டினார். "எந்தக் குழியில விழுந்தீங்க?" என்றார். "விழல, ஏறிட்டோம்" என்றார் சகலை. பாப்பா அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனாள். அவர் அசையாமல் உட்கார்ந்து வந்தார்.

கதவைத் திறந்த மச்சினி முதலில் மூக்கைப் பொத்தினாள். பிறகு மகளைப் பார்த்தாள். "விடப் போன பொண்ணு ஏன் திரும்பி வந்தா?"

"வண்டியில இடம் இல்ல" என்றார் சகலை. அவள் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் தாயும் என் அண்ணியும் என் வீட்டுக்கே வந்தார்கள். மகன் மனசு உடைந்துவிட்டதாம். ஒரு பெண் இவ்வளவு ரோஷப்படலாமா என்றார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். "கை ஒண்ணும் ஆகலியே" என்றாள் அந்தத் தாய். அண்ணியும் தலையாட்டினாள். என்னைத் தூக்கி வளர்த்த அண்ணி அவள். அவளை எழுந்து போகச் சொன்னேன். அதற்குப் பிறகு பெரியண்ணன் வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் எனக்கு அழைப்பு இல்லை. அண்ணன் பேரனுக்குப் பெயர் வைத்ததையே யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

பாப்பா இப்போது ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சகலை கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போகிறார். நானும் போகிறேன். அப்பனையும் மகளையும் விட்டால் நடந்ததைப் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். போன வாய்தாவில் எதிர்த் தரப்பு வக்கீல், "அந்தப் பெண்ணை உள்ளே கையை விடச் சொன்னது யார்?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம்.

"முதல்ல அவன் சொன்னான். ரெண்டாவது நான் சொன்னேன்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.